பனிமயத்தின் வீட்டில் தங்கிய கடல்

புன்னைத்துறைக்குள் கடல் புகுந்தது அதுதான் முதல் தடவை என்று சொல்ல முடியாது என்பதால், அந்தப் புயல் வருசத்திலும் ஊர் செய்ய வேண்டியதைச் செய்தது. கோவில் மாடியில் ஏறி நின்றது, மாதாவைக் கூப்பிட்டது, கோழிகளைக் கூடைக்குள் போட்டு மேலே தூக்கியது, அழுகிற பிள்ளைகளின் வாயில் வெல்லத்தை வைத்தது. விடிந்து பார்த்தபோது கடல் வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. தெருவுக்குள் புகுந்தது தெருவை விட்டுப் போனது, சந்துக்குள் புகுந்தது சந்தை விட்டுப் போனது, பள்ளிக்கூடத்துக்குள் புகுந்தது பெஞ்சுகளைக் கவிழ்த்துப்போட்டுவிட்டுப் போனது, பனிமயத்தின் வீட்டுக்குள் புகுந்தது மட்டும் போகவில்லை.

அது முழங்கால் அளவுக்கு நின்றது. கதவு திறந்தே கிடந்தது, வாசற்படியோ நாலு விரல் உயரம்கூட இராது, ஆனாலும் படிக்கு வெளியே ஒரு சொட்டுச் சிந்தவில்லை. படிக்கு இந்தப் பக்கம் கோழி கிளறுகிற மணல், படிக்கு அந்தப் பக்கம் சின்னச் சின்ன அலையும் நுரையும் உப்பு வாடையுமாகக் கடல். கையை விட்டால் கை நனைந்தது, எடுத்தால் கை மட்டும் வெளியே வந்தது. வீடு இடிந்து கிடந்தவர்களுக்கு அவரவர் பாடே பெரும்பாடாக இருந்ததால் முதல் சில நாட்கள் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "உன் வீட்டுல இன்னும் வடியலையா, பனிமயம்?" என்று கேட்டார்கள். "இன்னும் இல்ல" என்று அவளும் சொன்னாள்.

பனிமயத்துக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கருவாடு போடுகிறவள். மீனைக் கீறி, உப்புத் தடவி, மணலில் விரித்து, பனி விழுமுன் அள்ளி, ஓலைப்பாயில் சுற்றி வீட்டுக்குள் அடுக்கி, சந்தை நாளில் தலையில் ஏற்றிக்கொண்டு பஸ் ஏறுகிறவள். ஈரம் அவளுக்கு எதிரி. கருவாட்டில் ஒரு விரல்கடை ஈரம் ஏறினால் புழு வைக்கும் என்று மழைக்காலம் முழுக்க ஓட்டைப் பார்த்துப் பார்த்துத் தூங்கியவள். அப்படிப்பட்டவள் வீட்டில்தான் கடல் வந்து உட்கார்ந்தது. அடுக்கி வைத்திருந்த வாளையும் சாளையும் நெத்திலியும் ஊறி, உப்பி, செத்த பிறகு இன்னொரு தடவை மீனாகி, அறைக்குள் மிதந்தன.

ஊராட்சியிலிருந்து மோட்டார் கொண்டுவந்து வைத்தார்கள். டீசல் தீரும்வரை அது இறைத்தது. குழாய் வழியாக வந்த தண்ணீர் தெருவில் ஓடி, மணலில் ஓடி, கரைக்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் முழங்கால் தண்ணீராகவே இருந்தது. கடலை அள்ளிக் கடலில் ஊற்றிக்கொண்டிருக்கிறோம் என்று முதலில் புரிந்துகொண்டவன் மோட்டார்காரன்தான், அவன் குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். பங்குச்சாமி வந்து தீர்த்தம் தெளித்துச் செபம் சொன்னார். அவர் தெளித்த துளிகள் விழுந்த இடத்தில் குட்டி மீன்கள் இரைதான் விழுந்தது என்று வாயைப் பிளந்துகொண்டு ஓடி வந்தன. டிவிக்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள், ஆனால் படத்தில் அது எல்லா ஊரிலும் நிற்கிற வெள்ளத் தண்ணீர் மாதிரியே தெரிந்ததால் அவர்களும் போய்விட்டார்கள். ஏன் இப்படி என்று ஊர் ஒரு மாதம் கேட்டது. பிறகு எப்படி என்று கேட்கத் தொடங்கியது. எப்படிச் சமைக்கிறாய், எப்படிப் படுக்கிறாய், எப்படித் துணி மாற்றுகிறாய்.

ஏனென்றால் பனிமயம் அந்த வீட்டுக்கே திரும்பி வந்திருந்தாள். கொஞ்சநாள் நாத்தனார் வீட்டில் இருந்து பார்த்தாள். முதலில் நாத்தனார் பாசமாகத்தான் வைத்துக்கொண்டாள், பிறகு பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவ ஆரம்பித்தாள், அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரியாதவளா பனிமயம், மூட்டையைக் கட்டினாள். அடுப்பை ஹாலோபிளாக் கல்லை அடுக்கி மேலே ஏற்றினாள். சட்டி பானைகளைக் கழுத்தில் கயிறு கட்டித் தூணில் முடிந்தாள். கட்டிலின் கால்களுக்குக் கீழே கல்லைக் கொடுத்தாள். கருவாட்டை வெளியே மணலில் காயவைத்து, பரணில் தார்ப்பாய்க்குள் சுற்றி வைத்தாள். ஒவ்வொன்றையும் செய்து முடிக்கும்போதும் அந்தத் தண்ணீரைப் பார்த்து வாய்க்கு வந்ததைத் திட்டினாள். தண்ணீர் அலை அடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் புருசன் செபமாலை அதைத் திட்டக்கூட இல்லை. புயல் அடித்தபோது அவனும் அவன் தம்பி இன்னாசியும் கடலில் இருந்தார்கள். வள்ளம் இரண்டாகப் பிளந்தது. ஒரு பிளாஸ்டிக் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு செபமாலை பக்கத்து ஊர்க் கரையில் ஒதுங்கினான். இன்னாசி எங்கும் ஒதுங்கவில்லை. அதற்குப் பிறகு செபமாலை கடலைப் பார்ப்பதில்லை. தெருவில் நடந்தால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தான், டவுனில் ஐஸ் கம்பெனி வேலைக்குப் போகப் பஸ்ஸில் ஏறினால் கடல் தெரியாத பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தான். அப்படி ஒருவன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், வீட்டுக்குள் கடல் இருந்தது. அவன் வாசலில் ஒரு பலகையைப் போட்டு, பலகையிலிருந்து ஏணிக்குத் தாவி, ஏணியிலிருந்து பரணுக்கு ஏறி, அங்கேயே உண்டு, அங்கேயே படுத்து, காலில் ஒரு துளி படாமல் நாளைக் கடத்தினான்.

"என்னையக் கூட்டிட்டுப் போகத்தான் வந்து நிக்கி" என்று ஒருநாள் பரணிலிருந்து சொன்னான்.

கீழே முழங்கால் தண்ணீரில் நின்று குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்த பனிமயம் நிமிர்ந்து பார்த்தாள். "கூட்டிட்டுப் போக வந்த கடலு முழங்கால் தண்ணியோடயா வரும்? ஆளை முக்குறதுக்கு இது காணுமா? இது வேற எதுக்கோ வந்திருக்கு. சோறு ஆறுது, தட்டைப் பிடிங்க" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, எதற்கு வந்திருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது. ஆனால் வேறு எதற்கோ என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டதால் அன்றிலிருந்து அதைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்கத் தொடங்கினாள். பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது, அது ஒரே தண்ணீர் இல்லை. காலையில் ஒரு நிறம், மதியம் ஒரு நிறம். பௌர்ணமிக்கு முந்தின நாள் தொடைவரை ஏறியது, பிறகு கணுக்கால்வரை இறங்கியது. கயிறு கட்டி விட்ட பானைகள் சில நாள் எல்லாம் வடக்குச் சுவரைப் பார்த்து மிதந்தன, சில நாள் தெற்கே திரும்பிக்கொண்டன, திரும்பிய மறுநாள் வெளியே காற்றும் திரும்பியது. அம்மிக்கல்லில் பாசி பிடித்தது, பாசியை மேய மடவைக் குஞ்சுகள் வந்தன, அவற்றைப் பிடிக்க ஒரு நண்டு வந்து கட்டிலுக்கடியில் குடிவைத்தது. கடற்கரையிலேயே பிறந்து கடற்கரையிலேயே வாழ்க்கைப்பட்ட பனிமயம் இத்தனை வருசமும் உயிர் போன மீனைத்தான் பார்த்திருக்கிறாள், கீறியிருக்கிறாள், உப்பிட்டிருக்கிறாள். உயிரோடு ஒரு மீன் எப்படித் திரும்புகிறது, எப்படி ஒரு நொடி யோசித்துவிட்டுப் போகிறது என்பதை வெங்காயம் உரித்துக்கொண்டே தன் காலடியில் அப்போதுதான் பார்த்தாள். திட்டுவதை எப்போது நிறுத்தினாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை.

ஊரும் அந்தக் கடலைத் தன் புழக்கத்துக்கு எடுத்துக்கொண்டது. முதலில் வந்தது சவரியம்மாள். அடுத்த தெருவில் பனங்கிழங்கு விற்கிற அந்தக் கிழவி முழங்கால் வலியோடு வருசக்கணக்காகப் போராடியவள். "வெளிக் கடலுல இறங்குனா அலை தள்ளிப்போடும், இது வீட்டுக் கடலு, சொன்ன பேச்சைக் கேக்கும்" என்று கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு சாயந்திரம்வரை ஊர்க்கதை பேசினாள். வலி குறைந்ததோ இல்லையோ மறுநாளும் வந்தாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். பிள்ளைகள் அங்கே நீச்சல் பழகினார்கள். கடலுக்குப் போகிற ஆண்கள் விடிகாலையில் வாசலில் நின்று, "மதினி, பானை எந்தப் பக்கம் கெடக்கு?" என்று கேட்டுவிட்டு அதற்குத் தக்கபடி வலையை ஏற்றினார்கள். சர்பத் கடைக்காரர் தன் வண்டியை அந்த வீட்டு வாசலுக்கே நகர்த்திக்கொண்டார்.

சண்டை தீர்க்கிற இடமாகவும் அது ஆனது. வேலித் தகராறில் வெட்டுக்குத்துவரை போன இரண்டு அண்ணன் தம்பிகளை ஊர்த்தலைவர் தொம்மை ஒருநாள் மழைக்கு ஒதுங்க அந்த வீட்டுக்குள் இழுத்துவந்தார். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஒருவன் மேல் ஒருவன் பாய முடியவில்லை, கோபத்தில் காலைத் தரையில் உதைக்க முடியவில்லை, உதைத்தால் தன் முகத்திலேயே தெறித்தது, விறுவிறுவென்று வெளியேறவும் முடியாமல் மெதுவாகத்தான் நடக்க வேண்டியிருந்தது. மூத்தவன் கையை ஓங்கிய நேரம் நண்டு அவன் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. அவன் ஒற்றைக்காலில் குதித்ததைப் பார்த்து இளையவன் சிரித்துவிட்டான், சிரித்த பிறகு எப்படிச் சண்டை போடுவது. அன்றிலிருந்து ஊரில் யாராவது குரலை உயர்த்தினால், "பேசாம பனிமயம் வீட்டுக்குப் போய் நின்னு பேசுங்க" என்பது வழக்கமாயிற்று.

இவர்கள் யாரும் இல்லாத மத்தியான நேரத்தில் ஜெனோவா வருவாள். இன்னாசியின் மனைவி. ஐந்து வயதில் ஒரு மகள். உடல் கிடைக்காததால் இன்னாசிக்கு அடக்கம் நடக்கவில்லை, கல்லறை இல்லை, எங்கே போய் முட்டிக்கொண்டு அழுவது என்று தெரியாமல் அழாமலேயே இருந்தவள். வெளியே விரிந்து கிடக்கிற அத்தனை பெரிய கடலில் எந்தப் பக்கம் பார்த்துப் பேசுவது என்று அவளுக்குப் புரியவில்லை. இந்த அறைக்குள் கிடந்த கடல் ஒரு ஆளோடு பேசுகிற அளவில் இருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து, காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, மகள் பள்ளிக்கூடத்தில் பல்லை உடைத்துக்கொண்டு வந்ததையும், கருப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்ததையும், ஆஸ்பெஸ்டாஸ் ஒழுகுவதையும், சொல்லாமல் கொள்ளாமல் இப்படிப் போய்விட்டாயே என்பதையும் ஒரே குரலில் சொல்வாள். பனிமயம் அடுப்படியில் தன் வேலையைப் பார்ப்பாள். பரணில் செபமாலை இருக்கும் நாட்களில், ஜெனோவா பேசத் தொடங்கியதும் அவன் இருமுவதுகூட நின்றுபோகும்.

அக்டோபர் மாதம் அரசாங்கத்திலிருந்து வீடு வந்தது. புயலில் வீடு இழந்தவர்களுக்கு மெயின் ரோட்டுக்கு அந்தப்பக்கம் வரிசையாகக் கட்டிய வீடுகள். கடல் வராத இடம். வீடு இழக்கவில்லை, வீட்டுக்குள் கடல்தான் இருக்கிறது என்று அதிகாரியிடம் எப்படி விளக்குவது என்று தொம்மை யோசித்து, கடைசியில் உள்ளதை உள்ளபடி சொன்னார். அதிகாரி வந்து பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே இறங்கினார், வாயில் ஒரு துளி வைத்துப் பார்த்தார், வெளியே வந்து காலைத் துடைத்துக்கொண்டு, "இந்த அம்மாவுக்குத்தான் முதல் சாவி" என்றார்.

பனிமயம் பஸ் ஏறிப் போய் அந்த வீட்டைப் பார்த்தாள். சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நடந்தாள். சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு வருசமாகத் தரையில் உட்காராத உடம்பு அப்படியே இளகியது. கருவாட்டை அடுக்க ஒரு மூலை, அரிசி மூட்டைக்கு ஒரு மூலை என்று கண்ணாலேயே வைத்துப் பார்த்தாள். அவளுக்கு அந்த வீடு பிடித்திருந்தது. அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. கல்லறைத் திருநாள் கழிந்ததும் வந்துவிடலாம் என்று சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். செபமாலை அன்றைக்குத்தான் நெடுநாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டான்.

ஜெனோவாவிடம் சொன்னபோது அவள் தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டே, "நல்லதுதானேக்கா. எத்தனை நாளைக்குத்தான் ஈரத்துலயே கெடப்பிய" என்றாள். பிறகு, "கல்லறைத் திருநாளுக்கு இங்க ஒரு மெழுகுதிரி கொளுத்திக்கிடட்டா? கல்லறைத் தோட்டத்துல எனக்கு எடம் இல்லையே" என்றாள்.

"இதைக் கேக்கணுமா, ஏளா?" என்றாள் பனிமயம்.

பனிமயம் அவள் ஒருத்திக்குத்தான் சொன்னாள். ஆனால் புன்னைத்துறையில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் எல்லா வீட்டிலும் ஒருவராவது உண்டு, போன வருசத்து இன்னாசி முதல் யார் வீட்டுப் பாட்டனோ என்று முகம் மறந்துபோனவர்கள் வரைக்கும். அவர்களில் யாருக்கும் கல்லறை கிடையாது. திருநாள் அன்று கல்லறைத் தோட்டத்தில் பூசை முடிந்ததும் ஜெனோவா ஒரு தேங்காய்ச் சிரட்டையில் மெழுகுதிரியை ஒட்டவைத்துக்கொண்டு பனிமயம் வீட்டைப் பார்த்து நடந்தாள். அதைப் பார்த்த ஒரு பெண் தன் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு சிரட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள். பொழுது இறங்கும் நேரத்தில் பனிமயம் வாசலுக்கு வந்து பார்த்தபோது தெரு நிறைய ஆட்கள் நின்றார்கள், எல்லார் கையிலும் சிரட்டை, யாரும் உள்ளே வரட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை, அப்படியே நின்றார்கள்.

"வாங்க" என்றாள்.

அவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். பங்குச்சாமியும் வந்தார், அங்கியைத் தூக்கி இடுப்பில் சொருகிக்கொண்டு நடுவீட்டில் தண்ணீருக்குள் நின்றார். செபம் சொல்லிவிட்டு, "உங்க ஆளுக பேரை நீங்களே சொல்லி விடுங்க" என்றார். சவரியம்மாள் தன் தகப்பன் பெயரைச் சொல்லி முதல் சிரட்டையை விட்டாள். தொம்மை தன் மூத்த மகன் பெயரைச் சொன்னார், அப்படி ஒரு மகன் அவருக்கு இருந்தது பனிமயத்துக்கு அதுவரை தெரியாது. வேலிச் சண்டைக்கார அண்ணன் தம்பிகள் இருவரும் ஒரே பெயரைச் சொல்லி ஒரே சிரட்டையை விட்டார்கள். வெளிச்சங்கள் கட்டிலைச் சுற்றி, தூணைச் சுற்றி, அடுப்பைச் சுற்றி, யாருக்கும் அவசரம் இல்லாத மாதிரி மிதந்துபோயின. ஜெனோவாவின் முறை வந்தது. அவள் சிரட்டையைத் தண்ணீரில் வைத்தாள், கையை எடுக்கவில்லை. வாயைத் திறந்தாள், பெயர் வரவில்லை. மகள் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். அறை காத்துக்கொண்டிருந்தது.

"இன்னாசி!" என்று பரணிலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

செபம் சொல்கிற குரல் இல்லை அது. பக்கத்து வள்ளத்தில் இருப்பவனைக் காற்றைத் தாண்டிக் கூப்பிடுகிற குரல். செபமாலை இன்னொரு தடவையும் கூப்பிட்டான். பிறகு ஏணியில் ஒவ்வொரு கட்டையாக இறங்கினான், கடைசிக் கட்டையில் கொஞ்சம் நின்றான், காலைத் தண்ணீருக்குள் வைத்தான். அவன் உடம்பு உதறியதில் சுற்றிலும் சிரட்டைகள் ஆடின. பனிமயம் அசையாமல் நின்றாள். இப்போது பக்கத்தில் போனால் மறுபடியும் ஏறிவிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. அவன் நடந்துவந்து, ஜெனோவா பிடித்திருந்த சிரட்டையைத் தானும் பிடித்து, இருவருமாக விட்டார்கள். அது சுழன்று, மற்றவற்றோடு சேர்ந்து, தெற்குச் சுவரோரம் போய் நின்றது. அதற்குப் பிறகுதான் ஜெனோவா அழுதாள், ஒரு வருசத்து அழுகை, ஊரே நனைந்து நின்று அவளோடு அழுதது, அழுது முடித்ததும் பனிமயம் பெரிய சட்டியில் கருப்பட்டிக் காப்பி போட்டாள், தண்ணீரில் நின்றபடியே எல்லாரும் குடித்தார்கள், யாரோ இன்னாசி சீட்டாட்டத்தில் ஏமாற்றுவதைச் சொன்னார்கள், சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் செபமாலை காப்பியைப் பரணுக்கு வாங்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு குடித்தான். "இந்தப் பானையெல்லாம் ஏன் இப்படிச் சாஞ்சு கெடக்கு?" என்று கேட்டான்.

"ராத்திரியே திரும்பிட்டு. இன்னைக்கு வாடைக்காத்து அடிக்கும் பாருங்க."

"உனக்கு யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும், இதுக்குள்ளதானே கெடக்கேன்."

அவன் பானையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கடலில் தன் கைக்குப் பழகியதையெல்லாம் அவள் காலால் தெரிந்துவைத்திருந்தாள். அவன் சொல்ல அவள் கேட்டாள், அவள் சொல்ல அவன் கேட்டான், இருபது வருசமாகக் குடும்பம் நடத்தியவர்கள் அந்தக் குளிர்காலத்தில்தான் அவ்வளவு பேசினார்கள். புது வீட்டுச் சாவி முந்தானையிலேயே கிடந்தது. ஒருநாள் ஜெனோவா, மெயின் ரோட்டுப் பள்ளிக்கூடத்தில் சத்துணவுக்கு ஆள் எடுக்கிறார்கள், போகலாமா என்று யோசிக்கிறேன் என்றபோது, பனிமயம் முடிச்சை அவிழ்த்துச் சாவியை அவள் கையில் வைத்தாள். "தரை நல்லா காஞ்சு கெடக்கும். பிள்ளைய வச்சுக்கிட்டு நீ அங்க இரு. இங்க பேசுறதுக்கு எப்ப வேணும்னாலும் வா."

"பேச வேண்டியதெல்லாம் பேசிட்டேன்க்கா" என்றாள் ஜெனோவா. "இனி சும்மாதான் வருவேன்."

நிவாரணத்தில் கிடைத்த பைபர் வள்ளம் ஒரு வருசமாகக் கரையில் கவிழ்ந்தே கிடந்தது. செபமாலை அதை நிமிர்த்தினான், வெயில் ஏறிய இடங்களைத் தேய்த்தான், வலையைக் கோத்தான், எல்லாம் முடிந்த பிறகும் போகாமல் இருந்தான். வள்ளத்துக்கு இரண்டு பேர் வேண்டும். இளவட்டங்கள் வருகிறேன் என்று வந்தார்கள், அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

"இன்னொரு வீட்டுப் பிள்ளையக் கூட்டிட்டுப் போக எனக்கு நெஞ்சு இல்ல" என்றான்.

"அப்போ உங்க வீட்டு ஆளையே கூட்டிட்டுப் போங்க" என்றாள் பனிமயம்.

"நம்ம வீட்டுல யாரு இருக்கா?"

அவள் வலையின் மறுமுனையைத் தூக்கித் தன் தோளில் போட்டாள். அவனுக்குப் புரிவதற்குக் கொஞ்சநேரம் ஆனது.

புன்னைத்துறையில் பெண்கள் கடலுக்குப் போனது கிடையாது. வள்ளத்தைத் தொட்டுத் தள்ளக்கூட விடமாட்டார்கள். ஊர்க் கூட்டம் கோவில் முற்றத்தில் கூடியது, தொம்மை தொண்டையைச் செருமிக்கொண்டு, "பனிமயம் மேல யாருக்கும் ஒரு குறை இல்ல. ஆனா பொம்பளை ஏறுனா கடலு கோவிக்கும்னு பெரியவுக சொல்லியிருக்காக" என்றார்.

மாதா கொடிமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த சவரியம்மாள் வெற்றிலையைத் துப்பினாள். "கோவிக்கிற கடலுதான் ஒரு வருசமா இவ ஆக்குற குழம்பை மோந்துகிட்டு இவ கட்டிலுக்கடியில கெடக்காக்கும்? இவ கடலுக்குப் போறாளா போகலையான்னு கூட்டம் போடுதீகளே, இவ கடலுக்குள்ளதானவே குடியிருக்கா!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தொம்மையும் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எதிர்த்துப் பேச வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் காலையில் பானை எந்தப் பக்கம் கிடக்கிறது என்று கேட்டுப் போனவர்கள்தான். வீட்டுக்குள் கடல் வந்ததை ஏற்றுக்கொண்ட ஊருக்கு, கடலுக்குள் ஒரு பெண் போவதை ஏற்றுக்கொள்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

அவர்கள் புறப்பட்ட காலையில் கரையில் பெண்கள் எல்லாரும் நின்றார்கள், வழக்கமாகத் திரும்பி வருகிற நேரத்தில்தான் நிற்பார்கள். முதல் அலையில் பனிமயம் பலகையைப் பிடித்தாள், இரண்டாவது அலையில் மாதாவைக் கூப்பிட்டாள், அலை தாண்டியதும் வள்ளத்தின் ஓரத்தில் சாய்ந்து காலையில் குடித்த கஞ்சியெல்லாம் வாந்தி எடுத்தாள். செபமாலை மோட்டாரை நிறுத்திவிட்டுச் சிரித்தான். புயலுக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்ததே இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளும் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "வீட்டுக் கடலு ஆடாது" என்றாள். பிறகு கையைத் தண்ணீருக்குள் விட்டு, கொஞ்சநேரம் கண்ணை மூடி இருந்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தெக்க போங்க. இங்க வலையைப் போட்டா சுருட்டிரும்" என்றாள். அவன் தெற்கே போனான். புயலில் வள்ளம் பிளந்த அந்த இடம் வந்தபோது, அவன் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது. அவன் கை சுக்கானில் இறுகியது. அவள் எழுந்துபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வள்ளம் அந்த இடத்தைத் தாண்டிப் போனது.

ஒரு கூடை பாறை மீனும் கொஞ்சம் விளமீனுமாகத் திரும்பினார்கள். கரையில் ஊரே நின்றது, ஆனால் எல்லார் முகத்திலும் மீனைப் பற்றிய யோசனை இல்லை. சவரியம்மாள்தான் முன்னால் வந்தாள்.

"ஏளா, அது போயிட்டு."

மத்தியானம், வெயில் உச்சிக்கு வந்த நேரம், அவள் கட்டிலில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தபோது, தண்ணீர் ஒரு தடவை மெல்லத் தளும்பியதாம். சாப்பிட்டுக் கை கழுவிய விருந்தாளி எழுந்திருப்பது மாதிரி எழுந்து, வாசற்படியைத் தாண்டி, அதே முழங்கால் உயரத்தில், மீனும் பாசியும் நண்டுமாகத் தெருவில் இறங்கி நடந்ததாம். ஆட்கள் சுவரோரம் ஒதுங்கி வழி விட்டார்களாம். சர்பத் கடைக்காரர் வண்டியைத் தள்ளி வைத்தாராம். நாய்கூடக் குரைக்கவில்லையாம். மணலில் இறங்கிப் பெரிய கடலோடு சேர்கிற இடத்தில் யாரோ ஒரு பிள்ளை "போயிட்டு வா" என்று சொன்னதாம், பிறகு எல்லாருமே சொன்னார்களாம்.

பனிமயம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தரை தெரிந்தது. சுவரைச் சுற்றி முழங்கால் உயரத்தில் உப்பு வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது. பானைகள் கயிற்றோடு தரையில் உட்கார்ந்திருந்தன, எந்தப் பக்கமும் பார்க்காமல். இதே தண்ணீரை எத்தனை நாள் எப்படியெல்லாம் திட்டியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். உள்ளே போனாள், கூடையை இறக்கினாள், சுற்றிலும் மணலும் சிப்பியும் கிடப்பதைப் பார்த்தாள், பெருக்கலாம் என்று தேடியபோதுதான் வீட்டில் ஒரு விளக்குமாறுகூட இல்லை என்பது தெரிந்தது. சவரியம்மாள் வீட்டில் போய் இரவல் வாங்கிக்கொண்டு வந்தாள்.

விடிகாலையில் அவள் காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது, கடலுக்குப் போகிற ஆண்கள் பழக்கத்தில் வாசலுக்கு வந்துவிட்டார்கள். காய்ந்த தரையைப் பார்த்துவிட்டு, என்ன கேட்பது என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். செபமாலை துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான், அவனும் அவர்களோடு சேர்ந்து அவளையே பார்த்தான்.

பனிமயம் வாசற்படிக்கு வந்து, வெறுங்காலைத் தெருமணலில் வைத்து, கொஞ்சநேரம் நின்றாள்.

"இப்ப நல்லாத்தான் இருக்கு" என்றாள். "மத்தியானத்துக்கு மேல கொண்டல் காத்து திரும்பும், வடக்க ரொம்பத் தூரம் போகாதீக."

அவர்கள் தலையாட்டிவிட்டு நடந்தார்கள். அவள் காப்பியை ஊதிக் குடித்தாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள், சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு புருசனுக்கு முன்னால் நடந்தாள்.